கிலோவுக்கா, தலைக்கா, ஹெக்டேருக்கா? வேளாண் கொள்கை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

வேளாண், நிதி, வணிகத் துறைகளில் கொள்கை வகுக்கும் மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம்.

ஆதரவு விலை, உர மானியம், பாசன மின்சாரம், பயிர்க்கடன் வட்டி, காப்பீடு, ஏற்றுமதி வரி என்று நீங்கள் பிறப்பிக்கும் ஆணைகள் எதிலும் "சரிவை உழு", "குட்டையைத் தூர்", "மேய்ச்சல் நிலத்தை அழி" என்ற வரி இருப்பதில்லை. ஆனாலும் ஆணை வெளியான சில பருவங்களுக்குள் சரிவுகள் உழப்படுகின்றன, குட்டைகள் மேடாகின்றன, மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது. விவசாயிகளுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று முடிவுகட்டிப் பயிற்சி முகாம்களுக்கு நிதி ஒதுக்குகிறீர்கள். நிலப் பயன்பாட்டையும் மண், நீர்க் கணக்குகளையும் தொழிலாகக் கொண்ட நாங்கள் இதை ஏற்கவில்லை. விவசாயி உங்கள் ஆணையைச் சரியாகவே படித்திருக்கிறார். அதில் எதற்குப் பணம் என்று எழுதியிருக்கிறதோ, அதைச் செய்திருக்கிறார்.

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் கணக்குப்படி, 2021 முதல் 2023 வரை 54 நாடுகள் வேளாண்மைக்கு அளித்த ஆதரவு ஆண்டுக்குச் சராசரியாக 80,000 கோடி டாலருக்கும் மேல். அந்தப் பணம் எந்த அலகோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல். விளைந்த கிலோவுக்கா, கால்நடையின் தலைக்கா, உழுத ஹெக்டேருக்கா, வாங்கிய உர மூட்டைக்கா, எரிந்த யூனிட் மின்சாரத்துக்கா? ஒதுக்கீட்டுத் தொகை குறித்து மாதக்கணக்கில் விவாதிக்கிறீர்கள். அலகு எது என்பது பெரும்பாலும் முந்தைய திட்டத்தின் படிவத்திலிருந்து அப்படியே எடுத்தாளப்படுகிறது.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு விவசாயியிடம் இரண்டு வயல்கள். ஒன்று சமதளம், ஆழமான மண், ஹெக்டேருக்கு 5 டன் தானியம் விளையும். மற்றது சரிவு, மேல்மண் மெல்லியது, 2 டன்தான் கிடைக்கும். உழவு, விதை, உரம், கூலி, அறுவடை எல்லாம் சேர்ந்த செலவைத் தானியமாகவே சொன்னால் இரண்டிலும் 2.2 டன் என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் 2.8 டன் மிச்சம். சரிவில் 200 கிலோ நட்டம். ஆகவே சரிவு புல்லாகக் கிடக்கிறது, கால்நடை மேய்கிறது. இப்போது தானிய விலையை 15 விழுக்காடு உயர்த்துகிறீர்கள். அதே செலவை ஈடுகட்ட இனி 1.91 டன் போதும். சரிவிலும் ஏறக்குறைய 90 கிலோ மிஞ்சும். அடுத்த பருவத்தில் அங்கே ஏர் இறங்கும்.

சமதள வயலில் வருமானம் கூடியது, நிலப் பயன்பாடு மாறவில்லை. அது எந்த விலையிலும் உழப்படும் நிலம். மாறியது சரிவு மட்டும்தான். விலை ஆதரவு எப்போதும் இப்படி விளிம்பில் இருக்கும் நிலத்தைத்தான் அசைக்கிறது: சரிவு, சதுப்பு, மணற்பாங்கு, காட்டோரம், ஆற்றங்கரை. மண் அரிப்பும் உயிரின இழப்பும் அங்கேதான் அதிகம். மாநில சராசரி விளைச்சலை வைத்துத் திட்டத்தை மதிப்பிடும்போது இந்த நிலங்கள் கண்ணிலேயே படுவதில்லை, ஏனென்றால் மொத்த உற்பத்தியில் அவற்றின் பங்கு மிகச் சிறியது. காப்பீட்டுப் பிரீமியத்துக்குத் தரும் மானியமும் இதே வேலையைச் செய்கிறது. வெள்ளமோ வறட்சியோ அடிக்கடி தாக்கும் நிலத்தில் பயிரிடுவதன் நட்டத்தை அரசு ஏற்றுக்கொண்டால், அந்த நிலம் பயிர்நிலமாகிவிடும்.

தலைக்கு மானியம் தந்தால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பாவின் மலைப்பகுதிகள் காட்டின. ஆட்டின் எண்ணிக்கையை வைத்துப் பணம் தரப்பட்ட ஆண்டுகளில் பிரிட்டன், அயர்லாந்து மேட்டு நிலங்களில் மந்தை பெருகியது, புதர்ச் செடிகள் வேர்வரை மேயப்பட்டன, கரிமண் (மட்கிய தாவரங்கள் படிந்து உருவான ஈரமண்) வெளியே தெரிந்து மழையில் அரித்துப் போனது. இறைச்சிக்கு நல்ல விலை இல்லாத ஆண்டிலும் மந்தை குறையவில்லை, ஏனென்றால் ஆட்டை விற்றால் அதற்கான மானியமும் போய்விடும். 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் உதவித்தொகையை உற்பத்தியிலிருந்து பிரிக்க முடிவெடுத்து, 2005 முதல் நடைமுறைப்படுத்தியது. அதன்பின் பல மேட்டு நிலங்களில் மந்தைகள் சுருங்கின.

ஆனால் அந்தப் பணத்தை நிலத்தின் ஹெக்டேருக்கு என்று மாற்றியதும் வேறொரு சிக்கல் முளைத்தது. தகுதியுள்ள நிலம் எது என்று வரையறுக்க வேண்டியதாயிற்று. வானிலிருந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு வயலுக்கும் எல்லை வரைந்து, குட்டை, முட்புதர், அடர்ந்த மரத்தோப்பு ஆகியவற்றின் பரப்பைக் கழித்தார்கள். கூடுதலாக அறிவித்திருந்தால் அபராதம். இந்த நிலையில் வயலோரத்தில் கால் ஏக்கர் புதர் வைத்திருப்பவர் என்ன செய்வார்? புதரை வெட்டிவிட்டால் பரப்பும் கூடும், ஆய்வாளரோடு வழக்கும் இராது. பறவைகளும் தேனீக்களும் தங்கும் இடம் என்று வேறொரு துறை காக்கச் சொல்லும் அதே ஓரத்தை, பணம் தரும் துறையின் வரைபடம் அழிக்கச் சொல்கிறது.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. தொடர்ந்து ஐந்து ஆண்டு புல்லாக இருந்த உழவு நிலம் 'நிரந்தரப் புல்வெளி' என்று வகைமாறும் என்பது அந்த ஒன்றியம் வகுத்த விதி. புல்வெளியைக் காப்பதே நோக்கம். ஆனால் வகை மாறினால் மீண்டும் உழுவதற்குக் கட்டுப்பாடு வரும், நிலத்தின் விற்பனை மதிப்பும் குத்தகை மதிப்பும் இறங்கும். ஆகவே ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் பலர் புல்லை உழுதுவிடுகிறார்கள். வயதான புல்தரையைப் புரட்டினால் மண்ணில் சேர்ந்திருந்த கரிமப் பொருள் வேகமாகச் சிதையும். ஹெக்டேருக்கு நூறு கிலோ அளவில்கூடத் தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக விடுபடும். இலையுதிர் காலத்தில் உழுதால் அதை உறிஞ்சப் பயிர் இருக்காது, மழையோடு கீழிறங்கி நிலத்தடி நீரில் கலக்கும். இதைத் தவிர்ப்பது எளிது. புல்லை எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் 'உழவு நிலம்' என்ற தகுதி பதிவேட்டில் பறிபோகாது என்று உறுதி தந்துவிட்டு, புல் தொடரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனியாகப் பணம் தந்தால் போதும்.

இனிப் பஞ்சாப். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான்கு கொள்கைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதால் ஒரு மாநிலத்தின் நீரும் காற்றும் எப்படிக் கெடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. இந்தியாவில் 20க்கும் மேற்பட்ட பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படுகிறது. பஞ்சாபில் அறிவித்த விலைக்கு உறுதியாக, பெருமளவில் கொள்முதல் நடப்பது நெல்லுக்கும் கோதுமைக்கும்தான். மக்காச்சோளத்துக்கும் விலை அறிவிப்பு உண்டு. ஆனால் மண்டிக்குப் போனால் அந்த விலைக்கு எடுப்பார் இல்லை. ஒரு பயிரின் வருமானம் கையில் நிச்சயம், மற்றதன் வருமானம் சந்தையின் கையில். இந்த நிலையில் நெல்லை விடச் சொல்லி அறிவுரை கூறுவதில் பயனில்லை. நாட்டின் பசியைத் தீர்க்க வேண்டியிருந்த காலத்தில் இந்த ஏற்பாடு தன் வேலையைச் செய்தது, அதை நாங்கள் மறுக்கவில்லை. வேலை முடிந்த பிறகும் அலகு மாறவில்லை என்பதே குறை.

இதன்மேல் இலவச மின்சாரம். ஒரு கனமீட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்த, இயற்பியல்படி 0.0027 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டாரும் பம்பும் சேர்ந்த திறன் 40 விழுக்காடு என்றால் 0.0068 யூனிட். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10 கனமீட்டர். நெல்லுக்குப் பருவம் முழுக்க 1,500 மி.மீ. இறைத்தால் 15,000 கனமீட்டர். நீர்மட்டம் 10 மீட்டரில் இருந்தால் இதற்கு ஏறத்தாழ 1,020 யூனிட் ஆகும், 40 மீட்டரில் இருந்தால் 4,090 யூனிட். அதே 40 மீட்டரில், 400 மி.மீ. பாய்ச்சும் மக்காச்சோளத்துக்கு 1,090 யூனிட் போதும். ஹெக்டேருக்கு 3,000 யூனிட் வித்தியாசம். மின்சாரத்துக்கு விலை இல்லாதபோது இந்த 3,000 யூனிட் விவசாயியின் கணக்கில் பூஜ்யம். நீர்மட்டம் இறங்கினாலும் அவர் உணரும் செலவு ஆழ்துளைக் கிணற்றை ஆழப்படுத்துவதும், மேலே வைத்த பழைய பம்பை எடுத்துவிட்டு நீர்மூழ்கி மோட்டார் இறக்குவதும்தான். அதற்குக் கடன் வாங்க முடியாத சிறு விவசாயியின் கிணறுதான் முதலில் வற்றும். இலவச மின்சாரம் ஏழை விவசாயிக்கு என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்று பஞ்சாபில் ஆண்டுதோறும் ஊறிச் சேரும் நீரைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமாக நிலத்தடி நீர் எடுக்கப்படுகிறது.

2009இல் மாநில அரசு நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஜூன் 10க்கு முன் நாற்று நடக் கூடாது என்றது. நோக்கம் சரியானது. வயலில் தேங்கிக் கீழே கசியும் நீரில் ஒரு பகுதி மீண்டும் நிலத்தடிக்கே போகிறது, திரும்பி வராமல் தொலைவது ஆவியாகும் நீர். மே மாத அனல்காற்றில் நட்ட வயல்தான் அதிகம் ஆவியாக்கும். நடவை மழைக்கு அருகே தள்ளினால் இழப்பு குறையும். ஆனால் நடவு தள்ளியதால் அறுவடையும் தள்ளியது. கோதுமையை நவம்பர் முதல் பாதிக்குள் விதைக்காவிட்டால் வாரம் கூடக்கூட விளைச்சல் குறையும். நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரம்தான் மிஞ்சியது. இயந்திரத்தில் அறுத்த வயலில் நின்ற தாளும் உதிர்ந்த வைக்கோலுமாக ஏக்கருக்கு இரண்டு மூன்று டன் கிடக்கும். சிலிக்கா அதிகமுள்ள அந்த வைக்கோலை அங்கே மாடுகளுக்கு விரும்பிப் போடுவதில்லை. தீக்குச்சிதான் மலிவான வழி. எரிப்பு அக்டோபர் இறுதி, நவம்பர் தொடக்கத்தில் குவிந்தது. அந்த நாட்களில் காற்றோட்டம் குறைந்து, குளிர்ந்த காற்று தரையோடு படிந்து நிற்கும். புகை மேலே போகாது. நீரைக் காக்கப் போட்ட சட்டம், வட இந்தியச் சமவெளியின் குளிர்காலப் புகைமூட்டத்தை அதிகப்படுத்தியது.

அதற்குத் தீர்வாக இயந்திரத்துக்கு மானியம் வந்தது. தாளை எரிக்காமல் அதன் ஊடாகவே கோதுமை விதைக்கும் 'ஹேப்பி சீடர்' நல்ல கருவி. ஆனால் அது வேலை செய்ய நிபந்தனைகள் உண்டு. அறுவடை இயந்திரத்தின் பின்பக்கம் வைக்கோலை நறுக்கிப் பரப்பும் இணைப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் வைக்கோல் வரிவரியாகக் குவிந்து, விதைக்கும் பற்களில் சுற்றி அடைத்துக்கொள்ளும். காலைப் பனியில் வைக்கோல் ஈரமாக இருக்கும்போது ஓட்டினாலும் இதே கதி. 45 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர் வேண்டும், சிறு விவசாயியிடம் அது இருக்காது. ஆண்டில் மூன்று நான்கு வாரமே வேலை உள்ள கருவி இது. ஆளுக்கொன்று வாங்க மானியம் கொடுத்தால் மற்ற நாட்களில் கொட்டகையில் துருப்பிடிக்கும். வாங்கியதற்குப் பணம் தருவதைவிட, எரிக்காமல் விதைத்த ஏக்கருக்குப் பணம் தருவது மேல். வாடகைக்கு ஓட்டுபவர் ஊர் ஊராகப் போக அதுவே தூண்டுகோலாகும். எரிந்த வயல் எது என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிட முடியும், ஆனால் ஒரு நாளில் ஓரிரு முறை மட்டும் கடந்துபோகும் கோளின் பார்வைக்குத் தப்பி மாலையில் எரிப்பதும் நடக்கும். ஆகவே தீயை மட்டும் எண்ணாமல், பின்னால் தெரியும் கருகிய பரப்பையும் அளக்க வேண்டும்.

மின்சாரத்தில் விடிவுக்கு ஒரு வழி அங்கேயே சோதிக்கப்பட்டிருக்கிறது. 2018இல் தொடங்கிய திட்டத்தில், பம்பின் குதிரைத்திறனுக்கு ஏற்ப மாதாந்திர மின் ஒதுக்கீடு நிர்ணயித்து, அதில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் விவசாயியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினார்கள். இலவசம் இலவசமாகவே இருக்கிறது, ஆனால் தண்ணீருக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. இத்தகைய திட்டம் இரண்டு இடங்களில் தவறும். ஒதுக்கீட்டை உண்மையான பயன்பாட்டைவிடத் தாராளமாக வைத்தால், எந்த மாற்றமும் செய்யாதவருக்கும் பணம் போகும், நீர் மிஞ்சாது. மீட்டர் பொருத்துவது பின்னாளில் கட்டணம் வசூலிக்கத்தான் என்ற சந்தேகம் எழுந்தால் யாரும் சேர மாட்டார்கள். ஒதுக்கீடு இத்தனை ஆண்டுக்குக் குறைக்கப்படாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தருவது அவசியம்.

சொட்டுநீர், தெளிப்புநீர் மானியம் தருபவர்களுக்கும் ஒரு சொல். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் திறன் கூடிய தெளிப்பு முனைகளுக்கு உதவி அளித்தபோது நிலத்தடி நீர் எடுப்பு குறையவில்லை. அதே நீரில் கூடுதல் பரப்பும், தண்ணீர் அதிகம் கேட்கும் பயிரும் வந்தன. முன்பு வீணானதாகக் கருதப்பட்ட கசிவு, கீழே இருந்தவரின் கிணற்றுக்கு ஊற்றாக இருந்தது. திறனுக்கு மானியம் தரும்போது எடுக்கும் அளவுக்கும் உச்சவரம்பு வைக்காவிட்டால் மிச்சம் என்பது காகிதத்தில்தான்.

உரத்துக்கு வருகிறோம். இந்தியாவில் 2010இல் மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) உரங்களுக்கான மானியத்தைச் சத்தின் எடையோடு இணைத்து, விலையைச் சந்தைக்கு விட்டார்கள். தழைச்சத்து உரமான யூரியாவை மட்டும் பழைய கட்டுப்பாட்டு விலையிலேயே வைத்தார்கள். மற்றவை விலையேற, யூரியா மலிவாகவே நின்றது. 4:2:1 என்று பரிந்துரைக்கப்படும் தழை, மணி, சாம்பல் விகிதம் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 8:3:1 ஆயிற்று. சாம்பல்சத்து குறைந்த பயிர் சாயும், பூச்சிக்கும் நோய்க்கும் எளிதில் இலக்காகும், அதற்கு மருந்தடிப்பு கூடும். நெல் வயலில் இட்ட தழைச்சத்தில் பயிர் எடுப்பது பாதிக்கும் குறைவு. மிச்சம் அமோனியாவாகக் காற்றுக்கும், நைட்ரேட்டாக நீருக்கும், நைட்ரஸ் ஆக்சைடாக வளிமண்டலத்துக்கும் போகிறது. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக் கணக்கில் 270 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும். மூன்று சத்துகளில் ஒன்றை மட்டும் சீர்திருத்தத்திலிருந்து விலக்கியதன் விலை இது.

இதைப் பார்த்துவிட்டு ஒரே இரவில் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று எண்ணுவோருக்கு இலங்கை இருக்கிறது. 2021இல் வேதியுர இறக்குமதி தடை செய்யப்பட்டது, அவ்வாண்டு இறுதிக்குள்ளேயே தடை தளர்த்தப்பட்டது. இடையில் நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. கணக்கு முன்பே தெரிந்ததுதான். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து வேண்டும் என்றால், 1.25 விழுக்காடு தழைச்சத்துள்ள மட்கு உரம் 8 டன் தேவை. முதல் பருவத்தில் அதில் கால்பங்கு அளவே பயிருக்குக் கிடைக்கும் என்பதால் உண்மையில் 30 டன்னுக்கு மேல் போட வேண்டும். அத்தனை டன்னை எங்கே தயாரிப்பது, எந்த வண்டியில் ஏற்றுவது, யார் வயலில் பரப்புவது? மாற்றம் வேண்டும் என்றால் பயறு வகைகளும் பசுந்தாளும் பயிர்ச்சுழற்சியில் ஏற மூன்று நான்கு ஆண்டாவது தர வேண்டும், மானியத்தைப் படிப்படியாக இறக்க வேண்டும், இறங்கும் அட்டவணையை முதல் நாளே வெளியிட வேண்டும்.

வணிகக் கொள்கை வகுப்பவர்கள் தங்களுக்கும் மண்ணுக்கும் தொடர்பில்லை என்று நினைக்கிறார்கள். அர்ஜென்டினாவைப் பாருங்கள். உள்நாட்டில் விலை ஏறாமல் இருக்கக் கோதுமை ஏற்றுமதிக்கு வரியோடு அனுமதி முறையும் வைத்தார்கள். எப்போது அனுமதி கிடைக்கும் என்பதே தெரியாததால் விவசாயிகள் கோதுமையைக் கைவிட்டு, அதிக வரி இருந்தும் விற்பனையில் தடை இல்லாத சோயாவுக்கு மாறினார்கள். குளிர்காலக் கோதுமை போனதால் நிலம் பல மாதம் மூடாக்கின்றிக் கிடந்தது. சோயா விட்டுச்செல்லும் தாள் குறைவு, அதுவும் சீக்கிரம் மட்கிவிடும். 2015 டிசம்பரில் கோதுமைக்கான தடைகள் நீங்கியதும் அடுத்த பருவத்திலேயே கோதுமைப் பரப்பு மீண்டது. பயிர்ச்சுழற்சியைப் பற்றி எத்தனையோ ஆண்டு பரப்புரை செய்து கிடைக்காததை ஒரு சுங்க ஆணை செய்தது.

மானியத்தை முழுவதும் நீக்கிவிட்டால் இயற்கை தானே மீளும் என்பவர்களோடும் எங்களால் உடன்பட முடியவில்லை. நியூசிலாந்து 1984இல் தொடங்கி வேளாண் ஆதரவை ஏறக்குறைய முற்றிலும் விலக்கியது. ஏழு கோடியாக இருந்த ஆடுகளின் எண்ணிக்கை பின்னர் மூன்று கோடிக்கும் கீழே வந்தது, மானியத்தால் மட்டும் மேய்ச்சலாகியிருந்த செங்குத்தான மலைச்சரிவுகள் புதருக்கும் மரத்துக்கும் திரும்பின. அதே நாட்டில் பால்பண்ணை லாபமான தொழிலானபோது, கான்டர்பரி சமவெளியில் நீர்ப்பாசனப் புல்வெளிகள் விரிந்தன, யூரியா பெருகியது, கிணறுகளில் நைட்ரேட் ஏறியது. அரசு தந்த தவறான அலகு போன இடத்தில் சந்தையின் அலகு வந்தது, மாசுக்கு விலை வைக்க யாரும் இல்லை.

நிலத்தை ஓய்வில் விடப் பணம் தருவதும் கவனமாகச் செய்ய வேண்டியது. அமெரிக்கா 1985 முதல் அரிப்புக்கு ஆளாகும் நிலத்தை 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் புல்லாக வைக்க வாடகை தருகிறது. 2007இல் அந்தப் பரப்பு 3.6 கோடி ஏக்கரைத் தாண்டியிருந்தது. அதே ஆண்டு, பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் கலப்பதற்கான கட்டாய அளவை அதே அரசு பெரிதாக உயர்த்தியது. மக்காச்சோள விலை ஏறியது, ஓய்வு வாடகை அதற்கு ஈடாக ஏறவில்லை, முடிந்த ஒப்பந்தங்களைப் பலர் புதுப்பிக்கவில்லை. 2014 சட்டம் உச்சவரம்பையே 2.4 கோடி ஏக்கருக்குக் குறைத்தது. பத்தாண்டு புல் சேர்த்த கரிமத்தை இரண்டு மூன்று உழவில் இழந்துவிடலாம்.

சீனா 1999இல் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் உழவை நிறுத்தத் தொடங்கியபோது அலகைத் தெளிவாக வைத்தது: யாங்சி படுகையில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,250 கிலோ தானியம், மஞ்சளாற்றுப் படுகையில் 1,500 கிலோ, கூடவே சிறு ரொக்கமும் நாற்றுக்கான தொகையும். வீட்டில் உலை வைக்கத் தானியம் கிடைத்ததால் மக்கள் சரிவை விட்டார்கள், மண் அரிப்பு குறைந்தது. ஆனால் நட்ட மரம் பிழைத்ததா என்பதே பெரும்பாலும் அளவுகோலாக இருந்ததால், பல இடங்களில் ஒரே இன மரங்கள் வரிசையாக நின்றன. வறண்ட மஞ்சள்மண் மேட்டில் அவை ஆழத்து ஈரத்தை உறிஞ்சி மண்ணை மேலும் உலர்த்தின. புல்லும் புதரும் போதுமாயிருந்த இடத்துக்கும் மரம்தான் எழுதப்பட்டிருந்தது.

கடனும் ஒரு கருவி. பிரேசிலில் அமேசான் பகுதிக்கான வேளாண் கடனுக்கு நிலப்பத்திரமும் சுற்றுச்சூழல் விதிகளுக்கு உட்பட்டதற்கான சான்றும் கட்டாயம் என்று 2008இல் ஆணை வந்தது. புதுச் செலவு எதுவுமில்லாமல், ஏற்கனவே கொடுத்துவந்த பணத்துக்கு ஒரு நிபந்தனை. மாட்டுப்பண்ணைகள் மிகுந்த வட்டாரங்களில் காடழிப்பு குறைய அது உதவியது. அமெரிக்காவில் சதுப்பை வடித்தோ அரிப்பு நிலத்தை உழுதோ பயிரிட்டால் உதவித்தொகை இல்லை என்ற விதி 1985இல் வந்தது. 1996இல் பயிர்க் காப்பீட்டை அந்த விதியிலிருந்து விடுவித்தார்கள், 2014இல் மீண்டும் சேர்த்தார்கள். விலை உயர்ந்து பிற உதவித்தொகைகள் சுருங்கிய ஆண்டுகளில் காப்பீடே முதன்மை ஆதரவாக இருந்தது, நிபந்தனை இல்லாததும் அதுவேதான். பணம் எந்த வழியில் அதிகம் போகிறதோ அந்த வழியில் நிபந்தனை இருக்க வேண்டும்.

குத்தகை விவசாயியை உங்கள் படிவங்கள் அநேகமாக மறந்துவிடுகின்றன. ஓராண்டு வாய்மொழிக் குத்தகையில் இருப்பவர் மண்ணில் எதையும் முதலீடு செய்ய மாட்டார். பசுந்தாள் உழுவதன் பலன் இரண்டாம் ஆண்டில், சுண்ணாம்பு இடுவதன் பலன் பல ஆண்டுகளில், வரப்பில் வைத்த மரத்தின் பலன் பத்தாண்டில். ஹெக்டேருக்கான உதவி பட்டாதாரரின் கணக்குக்குப் போகிறது, அடுத்த ஆண்டே குத்தகையும் ஏறிவிடுகிறது. பாதுகாப்புப் பணிக்கான தொகையாவது உழுபவரின் பெயரில் போக வேண்டும். குத்தகைக் காலமும் அந்தப் பணியின் பலன் காலத்தைவிடக் குறையக் கூடாது. சொந்த நிலத்தில் வளர்த்த மரத்தை வெட்ட மூன்று அலுவலகங்களில் அனுமதி வாங்க வேண்டியிருந்தால் யாரும் மரம் வைக்க மாட்டார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கை. எந்த மானியம், விலை, வரி, கடன் ஆணையும் கையெழுத்தாகும் முன் ஒரு பக்க நிலத் தாக்கக் குறிப்பு அதனோடு இணைக்கப்பட வேண்டும். பணம் எந்த அலகுக்கு என்பது முதல் வரி. அதன்பின், அந்த ஆணையை ஐந்து வகை நிலத்தில் ஓட்டிப் பார்த்த கணக்கு: வளமான சமதளம், சரிவு, நீர் தேங்கும் நிலம், நிலத்தடி நீரை மட்டும் நம்பிய நிலம், குத்தகை நிலம். ஒவ்வொன்றிலும் ஆணைக்கு முன்னும் பின்னும் ஹெக்டேருக்கு என்ன மிஞ்சும், எது நட்டத்திலிருந்து லாபத்துக்கு மாறுகிறது என்று எழுதுங்கள். மாறும் நிலம் எதுவோ அங்கேதான் விளைவு. பிறகு, இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் வேறு திட்டங்களின் பெயர்கள். பயிர்மாற்றம் கோரும் திட்டமானால், மாற்றுப் பயிரை எந்த மண்டியில், எந்த நிறுவனம், குறைந்தது ஐந்து பருவத்துக்கு எவ்வளவு கொள்முதல் செய்யும் என்ற உறுதி. பரப்பை வைத்துத் தரும் பணமானால், குட்டை, புதர், மரம் உள்ள ஓரத்தையும் தகுதிப் பரப்பில் சேர்க்கும் விதி. கடைசியாக, திட்டம் எப்போது, எந்தப் படிகளில் முடியும் என்ற தேதி.

அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். நீர்மட்டத்தை அதே கண்காணிப்புக் கிணற்றில், ஆண்டுதோறும் அதே மாதத்தில், மழைக்கு முன் ஒருமுறை பின் ஒருமுறை எடுங்கள். இறைக்கும் கிணற்றில் மோட்டாரை நிறுத்திய உடன் எடுத்த அளவு எதற்கும் உதவாது. மண் கரிமத்தை அதே இடத்தில், 30 செ.மீ. ஆழம்வரை, மண்ணின் கனஅடர்த்தியோடு (ஒரு குறிப்பிட்ட கனஅளவு மண்ணின் எடை) சேர்த்து அளக்க வேண்டும். உழுத மண் பொலபொலப்பாக இருப்பதால் அதே 30 செ.மீ.க்குள் மண்ணின் எடை குறைவு. விழுக்காட்டை மட்டும் ஒப்பிட்டால் கூடியதாகவோ குறைந்ததாகவோ பொய்த்தோற்றம் வரும். மேல் 10 செ.மீ. மட்டும் எடுத்தால், உழவில்லா வேளாண்மை உண்மையைவிடப் பெரிய வெற்றியாகத் தெரியும், ஏனென்றால் தாள் சேர்வது அங்கேதான். முதல் அளவீடு திட்டம் தொடங்குமுன் எடுக்கப்பட்டிருக்க வேண்டும், திட்டத்தில் சேராத பக்கத்து வயல்களிலும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

எல்லா ஆணைகளுக்கும் ஒரே ஆண்டில் இதைச் செய்ய முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். இப்போது நடைமுறையில் உள்ளவற்றில் அதிகப் பணம் செல்லும் மூன்று திட்டங்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கான குறிப்பை அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பே தயாரித்து, ஐந்து வகை நிலத்தின் கணக்கையும் விவசாயிகள் சரிபார்க்கும்படி அவர்கள் மொழியில் வெளியிடுங்கள். செலவுக் கணக்கில் எங்கே பிழை என்று அவர்கள் ஒரே வாரத்தில் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
நிலப் பயன்பாடு, மண், நீர் ஆய்வாளர்கள்